மறியலுக்குள் ஒரு மறியல்

போன மாதம் எங்கள் துறையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களின் அனுபவங்களைத் துறை மலரில் போடப் போகிறார்களாம். ஒருவர் கையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவி. மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தார். நான் காபியை ஆற்றிக் குடிப்பதற்குள் என் மாடி பூமியில் எங்கே இருக்கிறது என்று விரற்கடை சுத்தமாகச் சொல்லிவிட்டது.

"ஜி.பி.எஸ். ஒண்ணையே நம்பி இல்ல சார். நம்ம நாட்டு சாட்டிலைட், ரஷ்யாவோடது, ஐரோப்பாவோடது, எல்லாத்தையும் இது கேக்கும். நாளைக்கு அமெரிக்காக்காரன் ஜி.பி.எஸ்.ஸை நிறுத்தினாலும் நமக்கு மாற்று இருக்கு" என்றார். நல்ல பையன். அதோடு விட்டிருக்கலாம். "உங்க காலத்துல சாட்டிலைட்டே கிடையாது, பாவம், சங்கிலி பிடிச்சு அளந்ததுதானே சார்?" என்று கேட்டுவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜி.பி.எஸ்.ஸுக்கு மாற்று என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். நான் மாற்றை வைத்துக்கொண்டு வேலை பார்த்தபோது மூலமே முழுசாகப் பிறந்திருக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, கேட்டது அவர்கள் குற்றம்.

என் பெயர் பிலவேந்திரன். சங்கராபுரம் பக்கம் ஒரு கிராமம். அப்பா மாதாகோவில் நிலத்தில் குத்தகைப் பயிர். எங்கள் வகையறாவில் முதலில் மாதச் சம்பளம் பார்த்தவன் நான்தான். மத்திய அரசின் நில அளவைத் துறையில் பயிற்சி இரண்டு வருடம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. வெயிலில் நின்றோம், கறுத்தோம், தேறினோம். அதற்குப் பிறகு தகுதிகாண் காலம் என்று ஒன்று உண்டு. அதைக் கடந்தால்தான் வேலை நிரந்தரம். எல்லோருக்கும் ஒரு வருடம். எனக்கு இரண்டு தடவை நீட்டித்தார்கள்.

முதல் நீட்டிப்புக்குக் காரணம் ஒரு குழி. பாறை உச்சியில் நம் துறை பழைய காலத்தில் குடைந்து வைத்த குறிக்குழி ஒன்று இருக்கும். அதன்மேல்தான் கருவியை நிறுத்த வேண்டும். நான் போன பாறையில் இரண்டு குழிகள் இருந்தன. ஒன்று துறையுடையது. இன்னொன்று ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல்கால் நடுகிற குழி. எனக்கு வட்டமாக, அழகாக இருந்தது பந்தல்கால் குழிதான். மூன்று நாள் உட்கார்ந்து அளந்தேன். இந்தியாவிலேயே இத்தனை துல்லியமாக இருப்பிடம் கண்டுபிடிக்கப்பட்ட பந்தல்கால் குழி வேறு இருக்காது.

இரண்டாவது காரணம் வெப்பமானி. உலர் வெப்பமானி, ஈர வெப்பமானி என்று இரண்டு பார்த்துக் குறிக்க வேண்டும். ஈரத் துணி சுற்றியது எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நான் ஒரு நாள் முழுக்க மாற்றி எழுதிவிட்டேன். "உங்க முகாமில் மட்டும் தண்ணீர் சுடுகிறதா?" என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது நீட்டிப்பு விதியில் கிடையாது. இன்னொரு தப்பு செய்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. அவர் ஊரெல்லாம் "எம்மவன் சென்ட்ரல் கவர்மென்ட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் கல்வராயன் மலை வேலைக்குச் சிவப்பிரகாசம் சாரோடு என்னைப் போட்டார்கள். ஜி.பி.எஸ். அப்போது அரைகுறையாக வானத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் கேட்டது அதற்கு முந்தைய ஜாதி சாட்டிலைட்டுகளை. சங்கராபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருவதைக் கேட்டிருப்பீர்கள். வரும்போது ஒரு சுருதி. நம்மைத் தாண்டியதும் சட்டென்று இறங்கிய சுருதி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பஸ் எப்போது தாண்டியது, எவ்வளவு ஒட்டித் தாண்டியது என்று சொல்லிவிடலாம். வேலை அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் பதில் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுகிற சாட்டிலைட். அது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன் மணியையும் தான் இருக்கும் இடத்தையும் சொல்லிக்கொண்டே போகும்.

ஒரு சாட்டிலைட் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் இறங்கப் பதினைந்து, பதினாறு நிமிடம் ஆகும். அதை நாங்கள் ஒரு பாஸ் என்போம். ஒரு பாஸை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவும் முடியாது. நாற்பது பாஸ் சேர வேண்டும். அதுவும் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில். திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் ஒரு கருவி. அது இருப்பிடம் தெரிந்த பழைய இடம். மலை உச்சியில் எங்கள் கருவி. அது இனிமேல் தெரிய வேண்டிய இடம். இரண்டும் ஒரே பாஸைக் கேட்டால் ஒன்றின் பிழையை மற்றொன்று அடித்துவிடும். ஒரு பக்கம் கேட்கத் தவறினால் இரண்டு பக்கமும் வீண். கருவிகள் துறைக்கு மொத்தமே கொஞ்சம்தான். ஏழு நாள் கழித்து இரண்டும் வேறு மாநிலத்துக்கு ரயில் ஏற வேண்டும்.

சிவப்பிரகாசம் சாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஒல்லி, உயரம், இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. பொய் சொல்லமாட்டார். சும்மா நல்லவர் என்பதற்காகச் சொல்லவில்லை; அவருக்குப் பொய் வராது, சிலருக்கு விசில் வராத மாதிரி. ஆன்டெனாவின் உயரத்தை எஃகு டேப்பால் மூன்று முறை, இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவர் அளந்தது மற்றவருக்குத் தெரியாமல் எழுத வேண்டும். முகாமில் அவரும் நானும் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதுவதைப் பார்த்து டிரைவர் காதர் பாய், "பரிச்சையில காப்பி அடிக்காத மாதிரியே இருக்குது" என்பார்.

எல்லாவற்றையும்விட அவருடைய மணி. சாட்டிலைட் கிரீன்விச் நேரம்தான் சொல்லும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். வேலை நேரத்தில் இரண்டு மணி இருந்தால் குழப்பம் வரும் என்று அவர் இந்திய நேரத்தையே முகாமிலிருந்து நீக்கிவிட்டார். மதியச் சாப்பாடு காலை ஏழு மணிக்கு. மாலைத் தேநீர் பகல் பதினொன்றுக்கு. டிரைவரும் சமையலும் ஒருவரே என்பதால் காதர் பாய்தான் அதிகம் சிரமப்பட்டார். "தம்பி, இந்த மணியில நோம்பு தொறந்தா எந்த அல்லாவும் ஒத்துக்கமாட்டாரு" என்பார். நாங்கள் வெளியாட்களிடம் மணியைப் பற்றிப் பேசுவதையே கொஞ்ச நாளில் விட்டுவிட்டோம். அந்த நேரப்படி தேதி மாறுவது நம் காலை ஐந்தரைக்கு. தேதி மாறினால் பதிவுத் தாளும் மாற வேண்டும் என்பது சாரின் விதி. அந்த விதியை இங்கே சொல்லி வைக்கிறேன். பின்னால் அதுதான் என் கழுத்தில் விழுந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒத்திகை முகாம் முடித்து, வேலை தொடங்குகிற நாள் காலையில் அங்கிருந்து கச்சிராயபாளையம் சாலையில் ஜீப்பில் கிளம்பினோம். பகலுக்குள் மலை ஏறி முதல் பாஸைப் பிடிக்க வேண்டும். பாதி வழியில் சாலைக்குக் குறுக்கே நான்கைந்து புளியமரங்கள் படுத்திருந்தன. அரசு வேலையிலும் படிப்பிலும் தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு அன்று முதல் ஏழு நாள் சாலை மறியல். அறிவித்திருந்தார்கள், பேப்பரில் வந்திருந்தது, எங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள ஊரெல்லாம் அறிந்திருந்தது. நாங்கள் மூன்று பேர் மட்டும் லண்டன் மணியில் இருந்தோம். திரும்பலாம் என்றால், நாங்கள் தாண்டி வந்த பிறகு பின்னாலும் ஒரு மரத்தைச் சாய்த்திருந்தார்கள். எங்களோடு மாட்டியது ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரிகள், ஒரு கரும்பு டிராக்டர், இரண்டு டவுன் பஸ்.

அங்கே தலைமை தாங்கியவர் ராமலிங்கம். நாற்பத்தைந்து வயதுக் கரும்பு விவசாயி. தோளில் துண்டு, பக்கத்தில் ஒரு மொபெட். ஜீப்பில் இருந்த பெட்டியையும் ஒயரையும் பார்த்ததும், "போலீஸ் ஒயர்லெஸ்ஸா?" என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"எங்க போறீங்க?" என்றார் ராமலிங்கம்.

"மலைக்குண்ணே."

"இன்னாத்துக்கு?"

"மலை எங்க இருக்குதுன்னு கண்டுபிடிக்க" என்றேன். பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது.

ஒரே சிரிப்பு. "தோ தெரியுது பாருய்யா! இதுக்கு ஜீப்பு, டீசலு!" என்று ஒருவர் கையை நீட்டினார். நிஜமாகவே தெரிந்தது. எதிரே நீலமாக, நாங்கள் போக வேண்டிய உச்சி உட்பட.

"பாலு, பிரசவம், சாவு, இந்த மூணுக்குத்தான் வழி. நீங்க இதுல எது?" என்றார் ராமலிங்கம்.

"சாவுல போட்டுக்குங்கண்ணே. இது தவறுனா இந்தத் தம்பி வேலை செத்துடும்" என்றார் காதர் பாய். என் கதையை இரண்டு வரியில் சொல்லியும்விட்டார். எனக்கு மானம் போயிற்று.

இந்தப் பேச்சு எதிலும் சிவப்பிரகாசம் சார் கலந்துகொள்ளவில்லை. நடுச்சாலையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாலை நெடுக இரண்டு பக்கப் புளியமரங்களும் மேலே கை கோத்துக்கொண்டு வானத்தை மூடியிருக்கும். மரம் வெட்டிய அந்த ஓர் இடத்தில் மட்டும் வானம் பளிச்சென்று திறந்து கிடந்தது.

"வழி வேண்டாம். இந்த இடத்துல வானம் நல்லாயிருக்கு. இடம் மட்டும் கொடுங்க" என்றார் ராமலிங்கத்திடம். பிறகு என்னிடம் விளக்கினார். பாஸை இங்கேயே பிடிப்போம். இங்கிருந்து உச்சி தெரிகிறது. தூரமானியும் கோணம் அளக்கும் தியோடலைட்டும் வைத்து இந்த இடத்தையும் உச்சியையும் பிறகு ஒரே நாளில் இணைத்துவிடலாம். திருக்கோவிலூரில் நம் ஆள் குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடுவான். அவனுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. நாம் கேட்காத ஒவ்வொரு பாஸும் நஷ்டம். எட்டு வருடம் விதி பார்த்த மனுஷன் எட்டு நிமிடத்தில் இதை முடிவு செய்தார். தார்ச்சாலையில் ஓர் ஆணியை அடித்து, அதற்கு நேர்மேலே முக்காலியில் ஆன்டெனாவை நிறுத்தினோம். உயரம் மூன்று முறை அளந்தோம். மறியல்காரர்கள் தங்கள் முழக்கத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

முதல் பாஸ் எழுந்தபோது ராமலிங்கம் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். ஒயர்லெஸ் இல்லையென்று அவர் ஆட்களுக்கு உறுதி சொல்ல வேண்டுமல்லவா?

"சில்வண்டு கத்துற மாதிரி கீது. இன்னா சொல்லுது?"

"மணி சொல்லுது" என்றார் சார்.

"இன்னா மணி?"

"ஏழு பதினாலு."

உச்சி வெயில். ராமலிங்கம் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால் ஆகப்போகிறது. "மேல போயும் பொய்யா!" என்றார். சார் கிரீன்விச்சை விளக்கினார். "வெள்ளக்காரன் போயி நாப்பது வருசமாவுது. இன்னும் அவன் மணியில சோறு துன்றீங்களா?" என்று ராமலிங்கம் கேட்டதற்கு காதர் பாய்தான் "ஆமாங்க" என்று நெஞ்சார்ந்த பதில் சொன்னார்.

அன்று சாயங்காலம் ராமலிங்கம் இன்னொன்று கேட்டார். "உங்க ஆபீஸ்ல எங்காளுங்க எத்தினி பேரு இருக்காங்க?" வேறு அதிகாரி என்றால் மழுப்பியிருப்பார். சார் விரல்விட்டு எண்ணினார். "ஒருத்தர். தோட்டக்காரர்." இரண்டாவது விரல் மடங்கவில்லை. "நெசத்தச் சொன்னீங்க. அதுக்குத்தான் ஒக்காந்துகினு கீறோம்" என்றார் ராமலிங்கம். அதற்குப் பிறகு எங்களை யாரும் ஒயர்லெஸ் என்று சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். இவர்களுக்குப் போவதற்கே வேலை இல்லை.

இரண்டாம் நாள் ஒரு சிக்கல். ஒரு பாஸின் நடுவில் ஹெட்போனில் பட்டாசு வெடித்தது. தேடிப் பார்த்தால் ராமலிங்கத்தின் மொபெட். பெட்ரோல் என்ஜினின் பிளக் விடுகிற பொறி எங்கள் அலையில் விழுந்து கெடுக்கிறது. டீசல் லாரிக்கு இந்தக் கோளாறு இல்லை. அன்று இரண்டு பாஸ் பாழ். சார் சாலையின் இரண்டு பக்கமும் நூறு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டிவிட்டார். பெட்ரோல் வண்டி எதுவும் கயிற்றைத் தாண்டிக் கிளப்பிய நிலையில் வரக்கூடாது. ராமலிங்கமே மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து மூச்சு வாங்கினார்.

"சார், மறியல் பண்றது நானா, நீங்களா?"

"நீங்க வண்டியை நிறுத்துறீங்க. நான் சத்தத்தை நிறுத்துறேன்."

"மறியலுக்குள்ள மறியலு" என்றார் காதர் பாய். அவருக்கு அங்கே ராஜ வாழ்க்கை. லாரியில் கிழங்கு வாடுவதற்குள் தின்று தீர்க்கச் சொல்லி லாரிக்காரர்களே கொடுத்துவிட்டார்கள். வேகவைத்த கிழங்கு, வறுத்த கிழங்கு, கிழங்குக் குழம்பு, கிழங்கு அடை. மூன்றாம் நாளிலிருந்து மறியல்காரர்களுக்கும் சேர்த்து அவர்தான் சமையல். எங்கள் பேட்டரி இறங்கியபோது அதே லாரிகளில் இருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார்கள். சார் ஒவ்வொரு பேட்டரிக்கும் லாரி நம்பரைப் பதிவில் எழுதினார். அரசாங்கப் பதிவேட்டில் கிழங்கு லாரி நம்பர் ஏறியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

சிரிப்பாகவே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வேறு ஊர்களில் மறியல்காரர்களைப் போலீஸ் சுட்டு உயிர்கள் போன செய்தி வந்த நாளில் அடுப்பு எரியவில்லை. ராமலிங்கம் மரத்தின்மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். சார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அந்த ஒரு பாஸுக்கு மட்டும் என்னைத் தனியாகப் பார்க்கச் சொன்னார்.

ஏழாம் நாள் பகல் என் பதிவில் நாற்பதாவது பாஸ் விழுந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மறியல் முடிகிறது. எல்லாமே கச்சிதமாக முடிந்ததென்று எனக்கு ஒரே ஆனந்தம். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்; உதடு அசைந்தது. "சுத்தப் பிரதி எழுதிக் கொண்டு வா. கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். கருவியைச் சீக்கிரம் பெட்டியில் வைக்க காதர் பாய் துடித்துக்கொண்டிருந்தார்.

சுத்தப் பிரதி எழுதும்போது மூன்றாம் நாள் கடைசி வரியும் நான்காம் நாள் முதல் வரியும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதைப் பார்த்தேன். சாட்டிலைட் எண் ஒன்று. வெப்பநிலை ஒன்று. கிரீன்விச் இருபத்துமூன்று ஐம்பத்தொன்றுக்கு எழுந்து, நள்ளிரவு தாண்டி ஏழாவது நிமிடத்தில் இறங்கிய பாஸ். நம் ஊரில் பொழுது விடிந்துகொண்டிருந்த நேரம். பாஸின் நடுவில் தேதி மாறியது. விதிப்படி புதுத் தாள் எடுத்தேன். புதுத் தாள் வெறுமையாக இருக்கக்கூடாதென்று அதே பாஸை அதிலும் எழுதியிருக்கிறேன். ஒன்றை இரண்டாக எண்ணியிருக்கிறேன். நாற்பது இல்லை, முப்பத்தொன்பது.

சொல்லாமல் விட்டால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. கருவி பதிந்த கேசட் தலைமையகம் போய்க் கணக்கிட மூன்று மாதம் ஆகும். அதற்குள் என் நிரந்தர ஆணை வந்துவிடும். சொன்னால் இதுதான் மூன்றாவது தப்பு. கால் மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்தபடி இருந்தேன். எதிரே விழுந்த மரத்தின்மேல் சார் உட்கார்ந்திருந்தார். அன்று விரல்விட்டு எண்ணி, "ஒருத்தர்" என்று சொன்ன ஆள் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எழுந்து போய்ச் சொல்லிவிட்டேன். தைரியம் எல்லாம் இல்லை. அவர் கையெழுத்தைப் பொய்யில் வாங்கிக்கொண்டு அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு தாளையும் பார்த்தார்.

"தேதி மாறினா தாள் மாறணும்னு சொன்னேன். பாஸைப் பெருக்கச் சொல்லல."

"ஆமா சார்."

"அடுத்த பாஸ் எப்போ?"

"பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு எழுந்து பதின்மூன்று எட்டுக்கு இறங்குது சார்." நம் கணக்கில் ஆறு இருபத்திரண்டிலிருந்து ஆறு முப்பத்தெட்டு. திருக்கோவிலூரில் ஏழு மணிக்குக் கருவியை மூட்டை கட்டிவிடுவார்கள். ஆக மிச்சம் அந்த ஒரே பாஸ். ஆனால் ஆறு மணிக்கு மறியல் விலகினால் ஏழு நாள் அடைபட்ட வண்டியெல்லாம் எங்கள் ஆணிமேல் ஏறிப் போகும்.

"நீயே போய்க் கேளு" என்றார் சார்.

போனேன். மறியலை முப்பத்தெட்டு நிமிடம் நீட்டிக்கும்படி மறியல் தலைவரிடம் ஒரு மத்திய அரசு ஊழியன் கும்பிட்டுக் கேட்டதை வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அது ஆவாது தம்பி. ஆறுன்னா ஆறு. கட்டுப்பாட்ட மீறுனா எங்க பேரு கெட்டுடும்."

"என் வேலை போயிடும்ணே."

"தெரியுது. அழுவாத. போயி உன் பொட்டியாண்ட நில்லு."

ஆறு மணி ஆனதும் ஆட்களைத் திரட்டி மூன்று முறை முழக்கமிட்டார். மறியல் முடிந்தது என்று அறிவித்தார். பூமி அதிர லாரி என்ஜின்கள் உறுமின. அப்போதுதான் ஒரு டிரைவர் கத்தினார்: "அண்ணே, மரத்த யாரு எடுக்கறது?"

"மறியல் எங்க வேலை. முடிச்சிட்டோம். ரோட்டுல கெடக்கற மரத்த எடுக்கறது கவர்மென்ட்டு வேலை" என்றார் ராமலிங்கம். பிறகு திரும்பி சாரைப் பார்த்துக் கும்பிட்டார். "தோ, கவர்மென்ட்டு நிக்குதே. சார், எடுங்க."

இரண்டு பேர் இழுக்கிற பெரிய ரம்பத்தை ஒருவர் கொண்டுவந்து சார் கையில் கொடுத்தார். நான் கருவியை விட்டு நகரக்கூடாது. ஆகவே ஒரு பக்கம் சிவப்பிரகாசம் சார், மறுபக்கம் காதர் பாய். சார் உடனே அறுத்துவிடவில்லை. டேப்பை எடுத்தார். மரத்தின் சுற்றளவை மூன்று முறை அளந்தார். காதர் பாயையும் தனியாக அளக்கச் சொன்னார். முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு பேரும் எழுதினார்கள். லாரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "யோவ், சட்டையா தைக்கப்போற?" என்று ஒரு குரல். அவர் வேண்டுமென்று தாமதம் செய்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். அவருடன் வேலை பார்த்த எனக்குத் தெரியும், அவர் எப்போது அறுத்தாலும் அப்படித்தான் அறுப்பார்.

ஆறு இருபத்திரண்டுக்குச் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. "பாஸ் எழுந்தாச்சு சார்!" என்றேன். சட்டை நனைய ரம்பத்தை இழுத்துக்கொண்டே தலையசைத்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் மொபெட்டை உதைக்கக் காலைத் தூக்கினார். ராமலிங்கம் பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "ஸ்டார்ட் பண்ணாத! மறியல் முடிஞ்சுது, கயிறு முடியல. கயிறு அவுங்களுது!" பதினாறு நிமிடமும் கயிற்றடியில் நின்று ஒவ்வொரு வண்டியாகக் கெஞ்சியும் அதட்டியும் நிறுத்தினார். நான் காதில் சில்வண்டையும் கண்ணில் அவரையும் வைத்துக்கொண்டு வெப்பமானியைப் படித்தேன். உலர், ஈரம். மாற்றி எழுதவில்லை.

"இறங்கிடுச்சு சார்!" என்று நான் கத்தியதும், என்னவோ ஜெயித்துவிட்டதென்று லாரிக்காரர்களும் கைதட்டினார்கள். ரம்பம் அதற்குள் நான்கு விரற்கடை ஆழம் போயிருந்தது. ராமலிங்கம் ஒரு சீழ்க்கை அடித்தார். முப்பது பேர் வந்து மரங்களை இரண்டே நிமிடத்தில் உருட்டிச் சாலை ஓரம் தள்ளிவிட்டார்கள். சார் உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டே, "இதை முதல்லயே செய்திருக்கலாமே" என்றார். அவர் உண்மையாகவே கேட்டார்.

மலைக்குப் போய் இணைப்பு அளவைகளை முடித்தோம். அறிக்கையில் சார் ஒன்றையும் மறைக்கவில்லை. இரட்டைப் பதிவு என்னுடைய கவனக்குறைவு என்று எழுதினார். அதைக் கண்டுபிடித்துத் தானே வந்து சொன்னவனும் நான்தான் என்று அடுத்த வரியில் எழுதினார். தாள் மாற்றும் விதியில் திருத்தம் தேவை என்று மூன்றாவது வரி. மூன்று மாதம் கழித்து நிரந்தர ஆணை வந்தது. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜாங்கிரி வாங்கிக்கொண்டு ராமலிங்கம் வீட்டுக்குப் போனேன். "வா தம்பி, வா! கெடச்சுதா?" என்று வாசலிலேயே கட்டிக்கொண்டார். ஆணையை நீட்டினேன். ஆங்கிலம். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். அவர் மகள் வந்தது. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, சத்தமாக, தடங்கல் இல்லாமல் படித்தது. என்னைவிட நன்றாகப் படித்தது.

"நல்லா பாத்துக்கோ. மேல முத்திர எங்க கீது, கீழ கையெழுத்து எங்க கீதுன்னு பாத்துக்கோ. நமக்கு வர்றப்ப இது இன்னான்னு கேட்டுகினு நிக்கக்கூடாது" என்றார் ராமலிங்கம்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தப் பெண் ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்பி, மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தது.